மொட்டைக்கழுத்துக் குஞ்சுகள்

சின்னவள் தையல்காரி. முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிச் சீருடைகள் தைப்பாள். புருஷன் லாரி ஓட்டுகிறவன். போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். துவைக்கிற கல்லுக்கும் பின்மதிலுக்கும் நடுவே சும்மா கிடந்த இடத்தில் அவள் கோழி வளர்க்க ஆரம்பித்தது பெரியவளின் யோசனை. பெரியவள் அவளுடைய கூடப்பிறந்த அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. "மெஷின் சத்தத்தையே கேட்டுக்கிட்டிருந்தா பைத்தியம் பிடிச்சிரும்டி, ரெண்டு உசிர் சுத்தி வரட்டும்" என்று தன் பெட்டைகளில் இரண்டைப் பிடித்துக் கொடுத்தாள்.

சேவல் மட்டும் புருஷன் எங்கோ சரக்கு இறக்கப் போன இடத்தில் வாங்கி வந்தது. அதற்குக் கழுத்தில் ஓர் இறகு கிடையாது. சிவந்த தோல் தெரிய, சட்டையில்லாமல் கோட்டு மட்டும் போட்டவனைப்போல நடக்கும். வேலை ஒன்றும் செய்யாமல் காலையிலிருந்து சத்தம் மட்டும் போட்டதால் அவன் அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்தான். அந்த வட்டாரத்தில் அப்படியொரு சேவல் வேறு யாரிடமும் இல்லை.

முதல் பெட்டை அடைக்கு உட்கார்ந்தபோது சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. கூடையில் மணல் கொட்டி, மேலே வைக்கோல் பரப்பி, முட்டைகளை வைத்தாள். ஒரு வாரம் கழித்துப் பெரியவள் வந்தாள். ஜன்னலைச் சாத்தி, ஒவ்வொரு முட்டையாக விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"இது நல்லது. இது கூமுட்டை. இதுவும் கூமுட்டை."

கூடையில் பாதி போய்விட்டது. "இங்க கிடந்தா நாறும். போற வழியில குப்பையில போட்டுடறேன்" என்று கழித்த முட்டைகளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள். கெட்ட முட்டையைக்கூட அக்கா எவ்வளவு பத்திரமாகச் சுற்றுகிறாள், உடைந்தால் நாறுமே என்றுதானே என்று சின்னவள் நினைத்தாள்.

மிஞ்சியவை பொரித்தன. அவற்றில் மொட்டைக்கழுத்துக் குஞ்சுகளைக் கேட்டுத் தெருவில் ஆள் வர ஆரம்பித்தது. அடுத்த அடையிலும் பாதிக்கு மேல் கூமுட்டை. "மனசுல வச்சுக்காதடி. சில பேர் கைக்கு ராசி இருக்காது. உனக்குத் துணி ஓடுது, இது ஓடல" என்றாள் பெரியவள், அவள் தலையைக் கோதியபடி.

அந்தப் பேச்சு சின்னவளின் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த முறை முட்டைகளைத் தன் கையால் வைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னாள். அப்போதும் அப்படித்தான் ஆயிற்று. துணி வெட்டும்போதுகூடக் கத்தரிக்கோலை நிறுத்தித் தன் விரல்களைப் பார்த்துக்கொள்வாள்.

பெரியவளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ஒருநாள் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனாள். முன்கதவு சாத்தியிருந்ததால் பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்வாசலுக்குப் போனாள். அங்கே அக்காவின் கறுப்புப் பெட்டை, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஓடிய குஞ்சுகளில் பாதிக்குக் கழுத்தில் மயிர் இல்லை.

கஞ்சிப் பாத்திரம் கையில் சுட்டது. அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"சந்தையில வாங்கினேன்டி" என்றாள் பெரியவள், போர்வையோடு கதவருகே வந்து. "உன் மேனேஜர் மாதிரியே இருக்குல்ல? பாத்ததும் உன் ஞாபகம்தான் வந்துச்சு."

"ஆமாக்கா" என்றாள் சின்னவள். கஞ்சியை ஆற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். வழியெல்லாம், சந்தையில் இருக்கும், ஏன் இருக்கக்கூடாது, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் போனில் வீடியோ தேடிப் பார்த்தாள். விளக்குக்கு நேரே பிடித்தால் உயிருள்ள முட்டை எப்படி இருக்கும், கெட்டது எப்படி இருக்கும் என்று ஒருத்தி நிதானமாகக் காட்டினாள். மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அக்கா நல்லவள் என்று நிரூபித்துவிட வேண்டும் என்றுதான் பார்த்தாள்.

அடுத்த பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. பெரியவள் வழக்கம்போல வந்து, ஜன்னலைச் சாத்தி, முதல் முட்டையை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். சின்னவள் அவள் தோளுக்குப் பின்னால் நின்றாள். ஓட்டுக்குள் செந்நிற நரம்புகள் சிலந்திக்கால்போல விரிந்திருந்தன. நடுவில் ஒரு கரும்புள்ளி துடித்தது.

"கூமுட்டை" என்றாள் பெரியவள்.

"இன்னொரு தடவை பாரேன்க்கா."

"பாத்துட்டேன். வெறும் தண்ணி."

"நல்லாப் பாருக்கா." அந்த இடத்திலாவது, அடடா கண்ணு மங்கிப்போச்சு என்று அக்கா சொல்லிவிடக்கூடாதா என்றிருந்தது அவளுக்கு.

"எத்தனை தடவைடி பாக்கறது? செத்த முட்டை முழிச்சுக்குமா?"

"நரம்பு ஓடுது. புள்ளி துடிக்குது. எனக்கே தெரியுதுக்கா."

பெரியவளின் கை அப்படியே நின்றது. பிறகு முட்டையை மெதுவாகக் கூடையில் வைத்தாள்.

"எப்பக் கத்துக்கிட்ட?"

அவள் முதலில் கேட்டது அதுதான்.

"கேட்டிருந்தா கூடையோட தூக்கிக் குடுத்திருப்பேனே" என்றாள் சின்னவள்.

"குடுப்ப. நல்லாக் குடுப்ப" என்றாள் பெரியவள். குரல் உயரவில்லை. "உனக்கு முதப் பெட்டை குடுத்தவ நான். இன்னிக்குத் தெருவே உன் வீட்டு வாசல்ல நின்னு, மொட்டைக்கழுத்துக் குஞ்சு இருக்கான்னு கேக்குது. நானும் அந்த வரிசையில வந்து நிக்கணுமா?"

"முட்டை போகட்டும். என் கைக்கு ராசியில்லன்னு சொன்னியே, அது எதுக்கு?"

பெரியவள் துண்டை உதறி மடித்தாள். "அப்படிச் சொன்னாத்தான் நீ எதுவும் கேக்கமாட்ட."

இதைத் தண்ணீர் குடித்தேன் என்று சொல்வதைப்போலச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். சின்னவள் ஜன்னலைத் திறக்காமல் கூடையின் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே நின்ற பெட்டை பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்து அவள் மடிமேல் ஏறி இறங்கி, முட்டைகளின் மேல் போய் உட்கார்ந்தது.

அந்த அடையில் ஒன்றைத் தவிர எல்லாம் பொரித்தன. ஓடு கீறி ஈரத்தோடு முதல் குஞ்சு தலை நீட்டியபோது, அவள் கை தானாகப் போனை எடுத்து அக்காவின் நம்பருக்குப் போனது. எந்த நல்ல சேதியானாலும் முதலில் அங்கேதான் சொல்லிப் பழக்கம். கடைசி நொடியில் மாற்றிப் புருஷனைக் கூப்பிட்டாள். "மேனேஜருக்குச் சம்பளத்தை ஏத்திட வேண்டியதுதான்" என்று அவன் சிரித்தான். இவள் அழுதாள். அவன் லாரியை ஓரம்கட்டிவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை லைனிலேயே இருந்தான்.

குஞ்சுகள் கைக்குள் வளர்ந்தன. மதிலில் காகம் வந்து உட்கார்ந்தால் மெஷினை நிறுத்திவிட்டு ஓடுவாள். நொய்யைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து வைப்பாள். மழை நாளில் கூடைக்கு மேல் பல்பு கட்டித் தொங்கவிட்டாள். ஊர்க்காரர்கள் கைராசிக்காரி என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்கு வாய் கசந்தது.

ஒரு மதியம் அக்காவின் புருஷன் சைக்கிளில் ஒரு மூடிய கூடையோடு வந்தார். உள்ளே வளர்ந்துவிட்ட மொட்டைக்கழுத்துக் கோழிகள், கால்கள் கட்டப்பட்டு.

"எனக்கெதுக்கு அத்தான் இதெல்லாம்?"

"வச்சுக்கம்மா. எனக்கு இப்பத்தான் விஷயம் தெரியும்" என்றார், தரையைப் பார்த்தபடி.

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. கூடையை மட்டும் மறக்காமத் திருப்பி எடுத்துட்டு வரச் சொன்னா."

சின்னவள் கோழிகளை எடுத்துக் கட்டவிழ்த்தாள். கூடையைக் குழாயடியில் கழுவி, ஈரம் வடியச் சுவரோரம் சாய்த்துவைத்தாள். அது காயும்வரை அத்தான் காத்திருந்து வாங்கிக்கொண்டு போனார்.

புதிதாக வந்தவற்றை மேனேஜர் சேர்த்துக்கொள்ளவில்லை. பெற்ற பிள்ளைகள் என்று அதற்கு எங்கே தெரியும்? துரத்தித் துரத்திக் கொத்தியது. ஒன்றுக்குக் கழுத்தில் ரத்தம் வந்துவிட்டது. சின்னவள் மஞ்சளைக் குழைத்துக் காயத்தில் பூசினாள். மதிலோரமாகக் கம்பிவலை இழுத்துக் கட்டி, அவற்றைத் தனியாகப் பிரித்து, தனிச் சட்டியில் தண்ணீர் வைத்தாள்.

அக்கா அதன்பின் இந்தத் தெருப்பக்கம் வரவில்லை. இவளும் அங்கே போகவில்லை.