முதல் ருசி

நான்கு வருடமாக ஒரே ஒரு வினைச்சொல்லை ஆராய்கிறேன் என்றால் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் யாரும் நம்புவதில்லை. "பிறகு வேலை கிடைக்குமோ?" என்று கடைக்காரர் கேட்கிறார். எனக்கே எரிச்சல்தான்.

சொல் இது: பழைய ஜெர்மானியத்தில் 'கவுஸ்யன்'. நாக்கில் வைத்துப் பார்ப்பது. பிரெஞ்சுக்குள் புகுந்து அது 'ஷுவாசீர்' ஆனது. முதலில் கண்டறிவது, பிறகு தேர்ந்தெடுப்பது. ருசி பார்த்தவன் எப்படித் தேர்ந்தெடுப்பவன் ஆனான் என்று தொண்ணூறு பக்கம் எழுதினேன். 2014 மார்ச்சில் என் ஆய்வு நெறியாளரான பேராசிரியை ஜெனவியேவ் அதை மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்பினார். "சொல் இருக்கிறது சுஷ்மிதா, ருசி பார்க்கும் ஆள்தான் இல்லை." ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆளை நான் எங்கே போய்ப் பிடிப்பது?

அந்தச் சனிக்கிழமை, நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் ஆட்டைத் திவசம். வீட்டுக்கார இந்திராதேவி ஆன்ட்டியின் கணவர் இறந்து ஒரு வருடம். அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் கறி சரியாக வரவேண்டும் என்பதுதான் ஆன்ட்டியின் ஒரே கவலை. ஒரு வாரமாக அதே பேச்சு. சார்செல் புறநகரில் இருந்து ஆன்ட்டியின் மைத்துனி தொலைபேசியில் அழைக்க, ஆன்ட்டி கரண்டியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். நான் ஜெனவியேவை மனதுக்குள் திட்டிக்கொண்டே கிளறினேன். ஆன்ட்டி திரும்பி வந்து, உப்புப் போட்டு, டப்பாவை மூடியபோதுதான் திக்கென்றது. நான் ஏற்கெனவே போட்டேனா? போட்ட மாதிரியும் இருந்தது, போடாத மாதிரியும் இருந்தது.

"ஆன்ட்டி, ஒரு துளி நாக்குல வெச்சுப் பார்த்துடலாமா?"

"ஐயோ வேண்டாம் பிள்ளை! அவருக்குப் படைக்க முன்னம் ஒருத்தரும் ருசி பாக்கக்கூடாது."

ருசியைப் பற்றித் தொண்ணூறு பக்கம் எழுதியவள், கறிச்சட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அவருடைய படத்துக்கு முன் வாழையிலை விரித்துப் படைத்தோம். பிறகு பந்தி. மைத்துனி ஒரு கவளம் வாயில் வைத்ததும் தண்ணீரை எடுத்தார்.

"என்ன மச்சாள், ஒரே உப்பு!"

குற்றம் என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆன்ட்டி கவனிக்கவில்லை. படத்துக்கு முன்னால் இருந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசம் என்ரை சமையலை முதல் ருசி பாக்கிறது அவர்தான். உப்புக் கூடினால் உடனை சொல்லிப்போடுவார்," என்றார். "இண்டைக்கும் அவருக்குத்தானே முதல் வைச்சனான். ஒண்டும் சொல்லேல்லையே."