லிஃப்ட்காரர் இருக்கும் திசை

அந்த வீட்டுக் கொத்தமல்லி விளக்கைப் பார்த்து வளரவில்லை. லிஃப்ட்காரரைப் பார்த்து வளர்ந்தது. சின்ன அறையில் துணி அலமாரிக்குப் பக்கத்தில் இரும்பு ஷெல்ஃப் போட்டு, நாற்றுகளின் தலைக்கு நேர் மேலே சங்கிலியில் ட்யூப்லைட் தொங்கவிட்டு அதை வளர்த்தவள் அவருடைய மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள்; மயிரிழை கோணினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வெளிச்சம் உச்சந்தலையில் விழும்போது செடி ஏன் கதவுப் பக்கம் சாய வேண்டும் என்று விளக்கை இறக்கிப் பார்த்தாள், ஏற்றிப் பார்த்தாள். நாற்று வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்வதுபோல் தினமும் காலையில் தட்டைத் திருப்பி வைத்தாள். பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் அத்தனை நாற்றும் பழையபடி திரும்பியிருக்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலிப் பக்கம், குளிக்கப் போனால் குளியலறைப் பக்கம். விஷயம் புரிந்தபோது அவள் வாயைப் பிளக்கவில்லை. இது எதற்குப் பயன்படும் என்றுதான் யோசித்தாள்.

பயன்படும் நாள் சீக்கிரமே வந்தது. ஊரிலுள்ள கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுதுபார்ப்பது அவருடைய வேலை. துறைமுகக் கட்டடத்துக்குப் போகிறேன் என்று ஒருநாள் சொல்லிவிட்டுப் போனார். துறைமுகம் கிழக்கே இருக்கிறது. அன்று அவளுக்கு விடுமுறை. மதியம் தண்ணீர் தெளிக்கப் போனால், நாற்றுகள் ஒன்றுவிடாமல் மேற்கே சாய்ந்து நின்றன. சாயங்காலம் வந்தவரிடம் துறைமுக வேலை முடிந்ததா என்று கேட்டாள். காலுறையைக் கழற்றிக்கொண்டே, தலை நிமிராமல், முடிந்தது, கயிறு தேய்ந்திருந்தது என்றார். அவள் அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினாள். அக்காவும் செடியைப் பற்றி ஆச்சரியப்படவில்லை. "ஆம்பளை பொய் சொல்லுவான். செடி எதுக்குடி பொய் சொல்லப்போவுது?" என்றாள். போனை வைத்துவிட்டு அவள் சாப்பிட உட்கார்ந்தாள். இத்தனை வருட வாழ்க்கை மொத்தமும் பொய்தானோ என்ற நினைப்பு சோற்றில் கல் மாதிரி ஒவ்வொரு வாய்க்கும் தட்டுப்பட்டது.

மறுவாரத்திலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தோடு இன்னும் கொஞ்சம் நேரம் திருடி, காலையிலேயே கடைக்குக் கொண்டுபோயிருந்த நாற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கொத்தமல்லி காட்டிய பக்கம் போகும் எந்த பஸ்ஸாக இருந்தாலும் சரி. கண்டக்டர் தட்டுக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தார். பாதி வழியில் நாற்றுகள் பின்பக்கம் திரும்பும். இறங்கி எதிர் பஸ் பிடிப்பாள். மழைக்காலம் முழுக்க இந்தக் கூத்து நடந்தது. இதற்கிடையில் வீட்டில் அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். மத்தியானம் கடையில்தான் இருந்தாயா, எங்கேயாவது போனாயா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு முடித்தார்கள்.

மழை விட்ட பிறகு ஒரு மதியம், மேற்குப் பக்கத்துப் பழைய அலுவலகக் கட்டடத்தின் வாசலில் அவள் நின்றபோது நாற்றுகள் முதல்முறையாக நட்டமாக நிமிர்ந்து நின்றன. ஆள் தலைக்கு நேர் மேலே இருக்கிறார் என்று அர்த்தம். அவர் பழுதுபார்த்த லிஃப்டிலேயே ஏறி மொட்டைமாடிக்குப் போனாள். லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறை திறந்திருந்தது. உள்ளே இன்னொரு பெண்ணின் செருப்பைத்தான் அவள் கண்கள் தேடின. அவர் மட்டும் கதவுக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு பலகை, ஒரு விளக்கு, ஒரு தட்டு நிறையக் கொத்தமல்லி. அது மொத்தமும் அவள் நின்ற பக்கம் சாய்ந்திருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. செடியைப் பார்த்தே, "வந்துட்டியா?" என்றார்.

விஷயம் இதுதான். ஒரு குழிக்கு ஒரு நாற்று என்பது அவள் சட்டம். மீதியைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவாள். உயிருள்ளதைக் குப்பையில் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. ஈரக் கைக்குட்டையில் சுருட்டி எடுத்துவந்து இங்கே நட்டார். சொன்னால் சிரிப்பாள் என்று மறைத்தார். வேர் பிடித்ததும் அவை அவளைப் பார்த்துச் சாய்ந்தன. பிறகு ஒருநாள், கடையில் இருக்கவேண்டிய நேரத்தில், ஊரைச் சுற்றிச் சுற்றிக் காட்டின.

"நீ ஊர் சுத்துனதாலதான் வேலைய விட்டுட்டு நான் இங்கயே வந்து உக்காந்தேன்" என்றார்.

"நீங்க இங்க வந்து உக்காந்ததாலதான் நான் ஊர் சுத்துனேன்" என்றாள் அவள்.

யார் தொடங்கியது என்பது இன்றுவரை முடிவாகவில்லை. அன்று சாயங்காலம் இரண்டு தட்டுகளும் ஒரே ஷெல்ஃபுக்கு வந்தன. வருடங்கள் போயின, பறித்துச் சமைத்த இடத்தில் புது விதை போட்டார்கள், அவள் தட்டு அவர் பக்கமும் அவர் தட்டு அவள் பக்கமும் சாய்ந்தே வளர்ந்தன. பஸ் தாமதமானால்கூட யாரும் யாருக்கும் போன் செய்வதில்லை. அக்கா விதை கேட்டு வாங்கிப் போனாள். அங்கே அக்காவின் தட்டு தொலைக்காட்சியைப் பார்த்துச் சாய்ந்ததாகத் தகவல்.

பிறகு ஒருநாள் அவர் தட்டு நேராக நின்றது. அவள் சமையலறையில்தான் இருந்தாள், மாடியில் இல்லை. எதனால் இப்படி என்று கேட்டதற்கு, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ எங்க போயிடப்போற?" என்றார். வேறொருத்தியாக இருந்தால் இதைக் கேட்டு நிம்மதியடைந்திருப்பாள். அவளோ அன்று ராத்திரி நாலு தடவை எழுந்துபோய் அந்தத் தட்டைப் பார்த்தாள்.

மறுநாள், வடக்கே இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெற்கே போகும் பஸ்ஸில் ஏறினாள். தெரியாத ஒரு நிறுத்தத்தில் இறங்கி, பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினாள். அவர் ஷெல்ஃபுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கொத்தமல்லி வாசல் பக்கம் வேரோடு பெயர்ந்துவிடும்போல் வளைந்து கிடந்தது.

"அக்கா நல்லா இருக்காங்களா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"நல்லா இருக்கா" என்றாள். அவர் தட்டிலிருந்தே ஒரு கைப்பிடி கிள்ளிக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.