இருபது டிகிரியில் ஐந்து நாள்

எங்கள் துறை நோட்டீஸ் போர்டைப் படிக்க மற்றவர்களுக்கு ஒரு நிமிஷம் போதும். எனக்கு ஒரு வகுப்பே போய்விடும். பறவைக் கணக்கெடுப்பா, பெயர் கொடுத்துவிடுவேன். போஸ்டர் போட்டியா, கொடுத்துவிடுவேன். குப்பை பிரிக்கும் பயிற்சி, ஆற்றங்கரை சுத்தம் செய்யும் நாள், யாரோ எங்கிருந்தோ வந்து பவளப்பாறை பற்றிப் பேசும் கூட்டம், எல்லாவற்றிலும் நான் இருப்பேன். மரம் நடும் விழாவில் குழி தோண்டுவதும் நான்தான், அந்த இடத்தில் தோண்டக் கூடாது என்று சண்டை போடுவதும் நான்தான். சுற்றுச்சூழல் அறிவியல் மூன்றாம் ஆண்டு. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்வாள். வகுப்பில் எனக்குப் பெயர் பம்பரம்.

அந்தப் பருவத்தில் போர்டில் ஒட்டியிருந்த நோட்டீஸ்களில் எனக்கு உண்மையிலேயே வேண்டியிருந்தது ஒன்றுதான். ஏரி ஆய்வு நிலையத்தில் ஆறு மாதப் பயிற்சி. படகில் போய்த் தண்ணீர் எடுக்கலாம், அங்கேயே தங்கலாம். எங்கள் கல்லூரிக்கு ஒரே ஓர் இடம். வளாகத்துக் குளத்தைப் பத்து வாரம் விடாமல் அளந்து, அதற்கு அடுத்த திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்பது விதி.

கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதும் முடிவாகியிருந்தது. மாமாவின் டிக்கெட் புக்கிங் ஆபீஸில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. "கிடைச்சா போ, நான் தடுக்கல. கிடைக்கலன்னா மாமா சொன்ன இடத்துல பேசாம உக்காரு" என்று அம்மா சொல்லிவிட்டாள். உட்கார என்னால் முடியாது. அதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும்.

பயிற்சிக்கு ஒன்பது பேர் பெயர் கொடுத்தோம். நாலாவது வாரத்தில் ஐந்து பேர். ஏழாவது வாரத்தில் மிஞ்சியது இரண்டு பேர், நானும் தராசும்.

தராசு என் தோழி. எதையும் நாலு தசமம் வரை எடை போடாமல் விடமாட்டாள். காபிக்குச் சர்க்கரை கேட்டால், "கரண்டி தட்டையாவா, குவிச்சா?" என்று திருப்பிக் கேட்பாள். நான் நாலு வேலை முடித்து வருவதற்குள் அவள் ஒரு பாட்டிலைத்தான் கழுவி முடித்திருப்பாள். ஆனால் அந்த பாட்டிலில் தண்ணீர் குடிக்கலாம். ஒரே இடத்துக்கு இரண்டு பேர் நிற்கிறோமே என்று எங்களுக்குள் ஒரு நாளும் முகம் திரிந்ததில்லை. ஆய்வக மேஜையில் எங்கள் நோட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் திறந்தே கிடக்கும்.

நாங்கள் அளந்தது இதைத்தான். குளத்து நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன. அழுக்கைத் தின்னத் தின்ன ஆக்ஸிஜனும் அவற்றுக்கு வேண்டும். தண்ணீரை பாட்டிலில் அடைத்து, இருட்டில், இருபது டிகிரியில் ஐந்து நாள் வைத்தால் எவ்வளவு ஆக்ஸிஜன் தீர்ந்தது என்று தெரிந்துவிடும். எண் பெரிதானால் தண்ணீர் மோசம். இருபது டிகிரியில் வைத்திருக்க இன்குபேட்டர் என்று ஆளுயரப் பெட்டி ஒன்று ராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். சூடு ஏறினால் உள்ளே இருப்பவற்றுக்குப் பசியும் ஏறும், அளவு பாழ். முதலாண்டுப் பிள்ளைகளுக்கே இது தெரியும். எனக்கும் தெரியும்.

மூன்றாம் வாரத்தில் கேன்டீன் கழிவுநீர்க் குழாயைக் குளத்தில் விழாமல் திருப்பிவிட்டார்கள். அதன் பிறகு எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஆறு, ஐந்தரை, நாலரை என்று இறங்கி, ஒன்பதாம் வாரம் மூன்றே கால். ஒரு குளம் மூச்சு விட ஆரம்பிப்பதை நாங்கள் எண்ணில் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்தாம் வாரம் திங்கட்கிழமை ஆளுக்கு மூன்று பாட்டில்களைப் பெட்டிக்குள் வைத்தோம். சனிக்கிழமை எடுக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மின் சிக்கனப் போட்டி தொடங்கியது. எல்லாத் துறைகளுக்கும் உண்டு. வெள்ளி மாலை வரை மீட்டர் குறைவாக ஓடும் துறைக்குக் கோப்பை.

"போன வருஷம் வேதியியல்காரங்ககிட்ட தோத்தோம்" என்றார் எங்கள் துறைத்தலைவர் மேடம். "இந்த வருஷமும் தோத்தா, சுற்றுச்சூழல்னு போர்டு மாட்டிக்கிட்டு உக்கார்ந்திருக்கறதுல அர்த்தமே இல்ல. யாரு கேப்டன்?"

கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே இருந்தது.

செய்முறை வகுப்புகளை நிறுத்தி, ஆய்வகத்தைப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார்கள். காலை ஒன்பது மணிக்கு நடைவழியில் இருந்த மெயின் போர்டைத் திறந்தேன். ஒவ்வொரு அறைக்கும் ஒரு சுவிட்ச் நெம்பு, கீழே இழுத்தால் கரன்ட் நிற்கும். வகுப்பறை கீழே. நூலகம் கீழே. ஆய்வகம் கீழே. கருவி அறை கீழே. அதே நேரத்தில் கீழ்த்தளத்திலிருந்து போஸ்டர் குழுவினர் "பம்பரம், பசை எங்க வச்ச?" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நானே தயாரித்த பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டு, பசையைத் தேடி ஓடினேன்.

அந்த நாலு நாளும் நான் தரையில் நிற்கவில்லை. விடியற்காலையில் பறவை எண்ணினேன். பகலில் போஸ்டர் பக்கத்தில் நின்று வந்தவர்கள் போனவர்களுக்கெல்லாம் நுண் பிளாஸ்டிக்கை விளக்கினேன். மாலையில் பழைய துணியில் பை தைக்கும் பயிற்சியில் விரலில் குத்திக்கொண்டேன். நடுவில் மாமா போன் செய்து, நாற்காலி புதிதாக வந்திருக்கிறது, சுற்றும் நாற்காலி, உனக்குப் பிடிக்கும் என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வெள்ளி மாலை அரங்கத்தில் எங்கள் துறையின் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். உருக்கிய பாட்டில் மூடிகளில் செய்த ஓர் இலை, அதுதான் கோப்பை. மேடையை விட்டு இறங்கும்போது, மீட்டர் பார்த்த எலக்ட்ரீசியன் அண்ணன் என்னை நிறுத்தினார்.

"எப்படிம்மா இவ்வளவு கம்மி? உங்க மாடியில ராத்திரி பகலா ஓடற பெட்டி ஒண்ணு இருக்குமே. அது ஓடிக்கிட்டிருந்தா இவ்வளவு கம்மி வராதே!"

"எதையுமே விடலண்ணா" என்று பெருமையாகச் சிரித்தேன்.

சிரிப்பு பாதியிலேயே நின்றது. கோப்பையோடு மாடிக்கு ஓடினேன்.

ஆய்வகம் திறந்திருந்தது. போட்டி முடிந்ததும் ஆய்வக உதவியாளர் தன்னிடமிருந்த இன்னொரு சாவியால் திறந்து, எல்லா நெம்புகளையும் மேலே தூக்கிவிட்டுப் போயிருந்தார். இன்குபேட்டர் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. கதவில் சிவப்பு எழுத்தில் இருபது. எதுவுமே நடக்காத மாதிரி இருபது. சன்னல் சாத்திய அந்த அறையில் நாலு நாள் அனல் அடித்திருக்கும். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போதே மேடத்திடம் போய்ச் சொல்லியிருக்கலாம். கோப்பை போயிருக்கும், திட்டு விழுந்திருக்கும். பத்து வாரம் விடாமல் என்ற விதி அறுந்து இடமும் போயிருக்கும். எனக்குக் கண் முன்னே அந்தச் சுற்றும் நாற்காலிதான் வந்தது. சொல்லவில்லை.

சனிக்கிழமை தராசு வருவதற்கு முன்பே போய் என் பாட்டில்களை எடுத்தேன். மூன்றும் சொல்லி வைத்த மாதிரி நாலரை வந்தன. குளம் மறுபடி கெட்டுப்போனதாக எண் சொன்னது. குளம் கெடவில்லை, கெடுத்தது நான். நோட்டைத் திறந்து மூன்று புள்ளி ஒன்று என்று எழுதினேன். எழுதினால் மட்டும் போதாது. அந்த விடை வருவதற்கு, சொட்டுச் சொட்டாகக் கரைசல் விடும் அளவுக் குழாயான பியூரெட்டில் எவ்வளவு இறங்கியிருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு, அதையும் நிரப்பினேன். பேனா ஓரிடத்திலும் தயங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு என்மேலேயே பயமாக இருக்கிறது.

தராசு வந்தாள். பாட்டில்களைத் துடைத்தாள், சொட்டுச் சொட்டாக விட்டாள், நீலம் மறையும் அந்த ஒரு சொட்டுக்காகக் கண் இமைக்காமல் நின்றாள். நாலு புள்ளி நாலு. அடுத்ததும் நாலு புள்ளி நாலு. மூன்றாவதும் அதேதான்.

"உனக்கு எவ்வளவுடி?"

"மூணு புள்ளி ஒண்ணு."

அவள் என் நோட்டை எட்டிப் பார்த்தாள். என்னைச் சந்தேகப்படவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தன் கைகளை விரித்துப் பார்த்தாள்.

"அப்ப நான்தான் எங்கயோ சொதப்பிட்டேன்."

"பாட்டில் சரியா கழுவலையோ என்னவோ" என்றேன். என் வாயில் வந்த வார்த்தைதான் அது. பாட்டில் கழுவுவதைப் பற்றி, தராசிடம், நான்!

அன்று மாலை வரை அவள் எல்லாக் கண்ணாடிச் சாமான்களையும் அமிலத்தில் ஊறப்போட்டுக் கழுவினாள். கரைசலைப் புதிதாகத் தயாரித்தாள். ஞாயிறு மத்தியானம் ஒரு செய்தி அனுப்பினாள். "நான் ரிப்போர்ட் குடுக்கல. என் கை மேல எனக்கே நம்பிக்கை போச்சு. நீ நல்லா எழுது."

நான் ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. அறிக்கையைத் திறந்தேன், மூடினேன். மொட்டைமாடிக்குப் போனேன், இறங்கினேன். மறுபடி ஏறினேன். "என்னடி, வீட்டையே அளக்கற?" என்றாள் அம்மா. நாற்காலியை நினைத்துப் பயந்ததெல்லாம் போய், தராசு தன் கைகளை விரித்துப் பார்த்த அந்தக் காட்சிதான் திரும்பத் திரும்ப வந்தது.

திங்கட்கிழமை காலை ஆய்வகத்தில் அவள் தன் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள், திருப்பிக் கொடுப்பதற்காக.

"உன் கை தப்பு பண்ணல" என்றேன். "இன்குபேட்டர் ஆஃப் ஆயிருந்துச்சு. செவ்வாய்லேர்ந்து வெள்ளி வரைக்கும். நான்தான் ஆஃப் பண்ணேன். போட்டிக்காக."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அடிப்பாவி! கரன்ட்ட மிச்சம் பண்றேன்னு குளத்தையே அவிச்சுட்டியா? ரெண்டு நாளா நான் தூங்கலடி. அப்ப என் கை சரியாத்தான் இருக்கு!"

என்னைப் பிடித்து உலுக்கினாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கிய மாதிரி இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா இரண்டு நாள் செத்தேன் என்று தோன்றியது.

"வா, மேடம்கிட்ட போவோம்" என்றாள். "கருவி நின்னுபோச்சு, பத்தாவது வாரம் செல்லாதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து எழுதிக் குடுப்போம். இன்னொரு வாரம் அளக்க விடுவாங்க. கோப்பைய மட்டும் திருப்பிக் குடுத்துடு. இரு, ஒழுங்கா எழுதிக்கறேன். எத்தன மணிக்கு ஆஃப் பண்ண?"

"ஒம்பது."

"எப்ப ஆன் ஆச்சு?"

"வெள்ளிக்கிழமை அஞ்சு, அஞ்சே கால்."

எழுதினாள். அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டாள். ஒரு பக்கம் தன் எண்களை எழுதினாள், நாலு புள்ளி நாலு, மூன்று தடவை. மறுபக்கத்தில் என் எண்களை எழுத என் நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அப்படியே நின்றாள்.

"ரெண்டு பேர் பாட்டிலும் ஒரே தட்டுலதானே இருந்துச்சு?"

நோட்டை மூடக் கை நீட்டினேன். அவள் விடவில்லை.

"என்னுது நாலு நாலு. உன்னுது எப்படி மூணு ஒண்ணு?"

பியூரெட் அளவுகளைப் படித்தாள். அவளுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அவள் முகத்திலிருந்து சிரிப்பு போவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"நானா எழுதினது" என்றேன். "பயத்துல. இந்த ஒரு தடவதான்."

"சனிக்கிழமை நான் கேட்டப்ப, பாட்டில் கழுவலன்னு சொன்ன."

"ஆமா."

என் நோட்டின் பழைய பக்கங்களைப் பார்த்தபடி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மத்த ஒம்பது வாரமும்?"

"சத்தியமா உண்மைடி. ஒவ்வொண்ணும் நான் அளந்தது."

உண்மைதான். அஞ்சாவது வாரம் காய்ச்சலோடு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். ஏழாவது வாரம் கொட்டும் மழையில் பாட்டிலைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தேன். யாரும் கூட இல்லை. தனித்தனியாக அளக்க வேண்டும் என்பதுதானே விதி.

அவள் எங்கள் இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதல் வாரத்திலிருந்து விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். அளந்ததா, அவளுடையதைப் பார்த்து எழுதியதா என்று தேடுவது போல, எண்கள் ஒத்துப்போன வாரங்களில்தான் அவள் விரல் அதிக நேரம் நின்றது.