இரவல் சம்மதம்

வியாழக்கிழமை காலை ஏழு இருபதுக்கு மின்சாரம் போனது.

உடனே ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கவில்லை. பச்சிளங்குழந்தைகள் பிரிவில் எல்லாக் கருவிகளும் ஒன்றாகக் கத்தின. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் தங்கை எழுந்து நின்றாள். அவள் குழந்தை கடைசிப் பெட்டியில் இருந்தது. ஏழாம் மாதத்தில் பிறந்தது. இயந்திரம்தான் அதற்காக மூச்சு விட்டது. அந்த இயந்திரத்தின் பேட்டரி பழையது.

ஒரு நர்ஸ் ஓடிவந்து குழாயைக் கழற்றி ரப்பர் பையை மாட்டினாள். கையால் அழுத்தினாள். விட்டாள். அழுத்தினாள்.

விளக்குகள் வந்தன. கீழே யாரோ ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்சைக் கையால் தள்ளியிருக்கிறார்கள்.

"அக்கா," என்றாள் தங்கை.

அக்கா அந்த மருத்துவமனையின் திட்ட மேலாளர். புதுப்பிக்கும் வேலைகள் எல்லாம் எந்த நாளில் நடக்கும், யார் யார் வழிவிட வேண்டும் என்பதைப் பார்ப்பவள். அவளுக்குக் கீழே யாரும் இல்லை. ஒரு மேசை, ஒரு போன். எல்லோரிடமும் தேதி கேட்டுக்கொண்டே நடப்பதால் 'தேதி மேடம்' என்று பெயர். குழந்தை தன் தங்கையுடையது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதன் பிறகு அவள் கேட்பதெல்லாம் சொந்தக்காரி கேட்பதாகிவிடும்.

சனிக்கிழமை புயல் கரையைத் தொடும் என்று வானொலி சொன்னது.

பராமரிப்பு என்ஜினியர் அடித்தளத்தில், ஜெனரேட்டர் பக்கத்தில், காதில் பஞ்சோடு நின்றார்.

"வாங்க தேதி மேடம். இன்னைக்கு எந்தத் தேதி வேணும்?"

"நாளைக்கு."

"காலண்டரோடவே பொறந்தீங்களா?"

"காலையில என்ன ஆச்சுன்னு தெரியும்ல சார்?"

"அதான் வந்துடுச்சே."

"கையால தள்ளி வந்துச்சு."

அவர் பஞ்சை எடுத்தார். "எனக்கு மட்டும் ஆசையா? புது சுவிட்ச் வந்து ஸ்டோர்ல தூங்குது. மாட்டணும்னா அந்தக் குழந்தைங்க பிரிவுக்கு அரை மணி நேரம் மெயினும் கிடையாது, ஜெனரேட்டரும் கிடையாது. அந்த நேரத்துல மேல ஒண்ணு ஆச்சுன்னா என் தலைதான் உருளும். பெரிய டாக்டர் வாயால சரின்னு வரட்டும். மறு நிமிஷம் ஸ்பேனரை எடுக்கறேன்."

தலைமை நர்ஸ் துணி அறையில் இருந்தார். விரிப்பை மடித்துக்கொண்டே பேசினார்.

"கொஞ்சம் பெரிய குழந்தைங்களை ஆபரேஷன் தியேட்டர் பக்கத்து அறைக்கு மாத்திடலாம். அங்க வேற லைன். கடைசிப் பெட்டியை மட்டும் அசைக்க முடியாது. அதுக்கு ரெண்டு பொண்ணுங்களைப் பக்கத்துலயே நிறுத்தணும். எல்லாம் செய்யலாம்மா. ஆனா நான் முதல்ல தலையை ஆட்டினா, நாளைக்கு 'அந்தம்மா ஒத்துக்கிட்டாங்க'ன்னு என் மேல போட்டுட்டுப் போயிடுவாரு டாக்டர். அவர் சொல்லட்டும்."

பெரிய டாக்டர் நடந்துகொண்டே கேட்டார். "மத்த ரெண்டு பேரும் தயாரா? தயார்னா வாங்க, பேசலாம்."

மருத்துவமனை இயக்குநர் போனில் சொன்னார். "மூணு பேரும் ஒத்துக்கிட்டா நான் குறுக்க நிக்க மாட்டேன்."

இது அவளுக்குப் புதிதல்ல. லிப்ட் மாற்றியதும் ஸ்கேன் அறையை இடித்துக் கட்டியதும் ஒரே வழியில்தான். ஒருவர் இன்னும் தராத சம்மதத்தை இன்னொருவரிடம் காட்டுவாள். அவர் சரி என்பார். அதைக் கொண்டுபோய் முதலாமவரிடம் காட்டுவாள். அவரும் சரி என்பார். மாலைக்குள் சொன்னது உண்மையாகிவிடும். இதுவரை ஒருவரும் அவளைக் கேட்டதில்லை.

அடித்தளத்துக்குப் போனாள். "டாக்டர் சரின்னுட்டார்."

"அந்த மனுஷனா?" என்ஜினியர் கையைத் துணியில் துடைத்தார். "அப்போ நாளைக்கே."

துணி அறைக்குப் போனாள். "டாக்டர் சரின்னுட்டார்."

தலைமை நர்ஸ் மடிப்பதை நிறுத்தினார். "நிஜமாவா? நல்ல மனசு எங்கயோ ஒளிஞ்சிருந்திருக்கு."

டாக்டரின் அறைக்கு அவள் மாடி ஏறுவதற்குள் போன் வந்தது. டாக்டரே கூப்பிட்டார்.

அவர் கதவைச் சாத்தச் சொன்னார். உட்காரச் சொல்லவில்லை.

"தலைமை நர்ஸ் இப்பத்தான் போன் பண்ணினாங்க. எந்தக் குழந்தைங்களை முதல்ல மாத்தணும்னு கேட்டாங்க. நான் சரின்னு சொல்லிட்டேனாம். எனக்கே அவங்க சொல்லித்தான் தெரியும்."

அவள் போனைக் கைப்பைக்குள் போட்டாள்.

"இன்னொண்ணும் சொன்னாங்க. கடைசிப் பெட்டிக் குழந்தையோட அம்மா உங்களை அக்கான்னு கூப்பிடறாங்களாம்."

"ஆமா சார்."

"ஓ. அப்போ உங்க வீட்டுக் குழந்தைக்காக ஒரு பிரிவையே இருட்டாக்கணும்."

"அந்த இருட்டுல இருக்கப்போறதே அந்தக் குழந்தை மட்டும்தான் சார். மத்ததையெல்லாம் மாத்திடுவீங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சனிக்கிழமை கரண்ட் போகும்," என்றாள். "ஒரு தடவை இல்ல, பத்து தடவை போகும். ஒவ்வொரு தடவையும் கீழ யாராவது ஓடி வந்து தள்ளணும். அந்த நேரத்துல பையை அழுத்த ஆள் பக்கத்துல இருப்பாங்களான்னு யாருக்குத் தெரியும்? நாளைக்கு நிறுத்தினா நீங்க பக்கத்துல நிப்பீங்க. தியேட்டர்லேருந்து நல்ல பேட்டரி வரும். ரெண்டு நர்ஸ் இருப்பாங்க. கால்ல விழணுமா சார்? விழறேன். எனக்கு வேற எதுவும் கையில இல்ல."

"எழுந்திரும்மா," என்றார். அவள் விழவில்லை. அவர் அப்படித்தான் பேசுவார்.

சன்னல் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் அந்த சுவிட்ச் பிடிக்கலை. ஆனா அசைக்க முடியாத குழந்தையோட கரண்டை வேணும்னே நிறுத்தறேன். அம்மாவுக்குத் தெரியாம அதைச் செய்ய மாட்டேன். அவங்க சரின்னா நானும் சரி. நானே போய்க் கேக்கறேன்."

அவர் எழுந்தார்.

தங்கை காலையிலிருந்து அந்தக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. துப்புரவுக்காரர் இயந்திரத்தின் கம்பிக்குப் பக்கத்தில் துடைப்பத்தை நீட்டியதற்கே கத்தியிருக்கிறாள். அவள் என்ன சொல்வாள் என்று அக்காவுக்குத் தெரியும்.

"நான் கேட்டுட்டேன் சார். அவ சரின்னுட்டா."

டாக்டர் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பினார்.

"இதுவும் எனக்குத் தெரியாம நான் சொன்ன சரி மாதிரியா?"

"கூடப் பொறந்தவ சார்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நாளைக்குக் காலை பத்து மணி."

சாயங்காலம் அவள் தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சொல்வதற்காகத்தான் போனாள்.

"கையை உள்ள விட அனுமதிச்சாங்க அக்கா. என் விரலைப் பிடிச்சுது. இவ்ளோண்டு பிடி. இதோட அப்பாகிட்ட போன்ல சொன்னேன். கப்பல்ல எல்லாருக்கும் சொல்லிட்டாராம்."

"நல்லது."

"காலையில நடந்ததை மட்டும் அவர்கிட்ட சொல்லலை. அங்கேயிருந்து என்ன செய்வாரு பாவம்." தங்கை கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். "நீ இங்கதானே இருக்க. அந்த மெஷினை மட்டும் யாரும் தொடாமப் பார்த்துக்கோ. உன் பேச்சைக் கேப்பாங்கல்ல?"

அக்கா அவள் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கு.

"காலையில வீட்டுக்குப் போய்த் தலை குளிச்சுட்டு வா. நாறுது."

"நீயும்தான் நாறுற."

"ஒன்பது மணிக்குப் போ. நான் இங்கயே நிக்கறேன். ஒரு தூக்கம் போட்டுட்டு மெதுவா வா."

"நகர மாட்டியே?"

"நகர மாட்டேன்."

மறுநாள் காலை தங்கை ஒன்பது மணிக்குப் போனாள். போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

பெரிய குழந்தைகள் ஒவ்வொன்றாகத் தியேட்டர் பக்கத்து அறைக்குப் போயின. நல்ல பேட்டரி தள்ளுவண்டியில் வந்தது. டாக்டர் கைகளைக் கழுவிவிட்டுக் கடைசிப் பெட்டிக்கு அருகில் நின்றார். இரண்டு நர்ஸ்கள் நின்றார்கள், ஒருத்தி கையில் ரப்பர் பையோடு. காலியான அறையில் அந்த ஒரு பெட்டி சின்னதாகத் தெரிந்தது.

தலைமை நர்ஸ் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். "உங்க வீட்டுப் பொண்ணுங்களுக்கு நெஞ்சுரம் ஜாஸ்திம்மா. நானா இருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். உங்க தங்கச்சிக்கும் போன் பண்ணிச் சொன்னேன்."

அவள் திரும்பினாள். தலைமை நர்ஸ் அதற்குள் உள்ளே போயிருந்தார்.

போன் அடித்தது. என்ஜினியர். பின்னால் ஜெனரேட்டர் அறையின் எதிரொலி.

"மேடம், ஆளுங்க தயார். மேல எல்லாம் சரியா? நீங்க சொன்னா நிறுத்தறேன்."

டாக்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார். அவள் போனைக் காதில் வைத்தபடி நின்றாள்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா? நிறுத்தவா?"

நடைவழியின் கோடியில் கதவு அடித்துக்கொண்டது. தங்கை ஓடிவந்தாள். பாதிக் குளியலில் வந்திருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டித் தோள் நனைந்திருந்தது. ஒரு காலில் மட்டும் செருப்பு. காலியான அறையைப் பார்த்தாள். கடைசிப் பெட்டியைச் சுற்றி நிற்பவர்களைப் பார்த்தாள். அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்த நர்ஸம்மா போன் பண்ணி எனக்கு நன்றி சொல்றாங்க. நான் சரின்னு சொன்னதாலதான் எல்லாரும் சரின்னாங்களாம். நான் எதுக்கு அக்கா சரின்னு சொன்னேன்?"