இரண்டு முறை பார்த்த பை

“என் பைய மட்டும் ஏங்க்கா ரெண்டு வாட்டி பாக்குறீங்க?”

மாரியம்மா கேட்டபோது கெர்ட்ரூட் பையின் அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். பதினோராங்கட்டை ரப்பர் தோட்டத்தில் அன்றைய பாலை எடைபோட்டு முடிந்ததும் பெண்களின் பைகளைச் சோதிப்பது அவள் வேலை. ஆண்களின் பைகளை ஜாகா என்கிற காவல்காரர் பார்ப்பார். சோற்றுத் தூக்கு, தண்ணீர்ப் போத்தல், மாற்றுச் சட்டை, இவற்றுக்கு அடியில் மரத்தில் உறைந்து காய்ந்ததைப் பிய்த்தெடுத்த ஒட்டுப்பால் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது தோட்டத்துச் சொத்து. வெளியே அதை வாங்குவதற்கு ஆள் இருந்தது.

“எல்லார் பையும் ஒண்ணுதான். போ லா,” என்றாள்.

அது உண்மை இல்லை. கிழிந்த சட்டைக்காரிகளின் பையை அவள் இரண்டு முறை பார்ப்பாள். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் தங்கை வந்தால் கண்ணாலேயே பார்த்து அனுப்பிவிடுவாள். சந்தேகப்படுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ரொட்டிக்காரர் கொடுக்கும் சில்லறையை மூன்று தடவை எண்ணுவாள். பக்கத்து வீட்டுக் கோழி தன் வாசலில் மேய்ந்தால் அதிலும் ஏதோ திட்டம் இருப்பதாக நினைப்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு மனிதரைச் சந்தேகப்படவில்லை.

1984ஆம் ஆண்டு மே மாதம். மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும் மாதம் அது. மாலையில் ஒரு வீட்டில் ஜெபமாலை, பிறகு தேநீரும் கச்சான் கடலையும், மறுநாள் சுரூபம் அடுத்த வீட்டுக்கு. அந்த வருடம் சுரூபத்தை ஏந்தி வந்தவர் லூர்துசாமி. ஈப்போ டவுனில் ஒரு முதலீட்டுக் கம்பெனியின் முதலாளி. ஞாயிறுதோறும் காரில் வந்து தோட்டத்துச் சிற்றாலயத்தில் வாசகம் படிப்பார். கெர்ட்ரூட் வீட்டில் ஜெபமாலை முடிந்து தேநீர் குடித்தபின், தன் கறுப்புத் தோல்பையைத் திறந்து படிவங்களை எடுத்தார்.

“தோட்டத்த துண்டு போட்டு விக்கப் போறாங்க. பாதி இடத்தில ரப்பர வெட்டிட்டு செம்பனை வந்தாச்சு. லயத்து வீட்ட விட்டுக் கெளப்பினா எங்க போவீங்க? எங்ககிட்ட காசு போடுங்க. மூணு வருசத்தில டவுன்ல வீட்டுக்கு முன்பணம் ரெடி.”

கதவோரம் நின்ற மாரியம்மா மட்டும் கேட்டாள். “ஐயா, அவசரம்னு கேட்டா காசு ஒடனே குடுப்பீங்களா?”

கெர்ட்ரூட்டுக்கு வெட்கமாகிவிட்டது. “மாதாவ தூக்கிட்டு வந்தவருகிட்ட இப்படியா கேக்குறது? புத்தி இருக்கா ஒனக்கு?”

வீடே சிரித்தது. மாரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வாரம், இறந்துபோன புருசனின் சேமநிதிப் பணத்தைக் கொண்டுவந்து கெர்ட்ரூட்டின் கையில் கொடுத்தாள். “எனக்கு அவரத் தெரியாது. ஒங்கள நம்பித்தான்க்கா.” இப்படி இருபத்தாறு குடும்பங்கள் கெர்ட்ரூட் மூலமாகவே பணம் போட்டன.

இரண்டு வருடம் வட்டி வந்தது. 1986இன் கடைசியில் ஒருநாள் ஈப்போ அலுவலகத்தின் இரும்புக்கதவு பூட்டிக் கிடந்தது. தைப்பிங், சித்தியவான் பக்கமிருந்தும் வந்த ஆட்கள் அந்தக் கதவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். கெர்ட்ரூட்டின் சொந்தப் பணமும் உள்ளே போனதுதான்.

அதன்பிறகு அவளுடைய சந்தேகம் இன்னும் கூர்மையானது. லூர்துசாமியை அவளால் எட்ட முடியவில்லை. பைகளை எட்ட முடிந்தது.

மறு வருடம் பிப்ரவரியில் மாரியம்மாவின் மாற்றுச் சட்டைக்குள் ஆறு கிலோ ஒட்டுப்பால் இருந்தது.

மாரியம்மா பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். “பிள்ளைங்களுக்கு ஸ்கூல் பஸ் காசு குடுக்கணும்க்கா. இந்த ஒரு வாட்டி...”

கெர்ட்ரூட் கிராணியைக் கூப்பிட்டாள். கிராணி போலீசைக் கூப்பிட்டார். ஐந்நூறு மலேசிய வெள்ளி அபராதம், கட்டாவிட்டால் இரண்டு மாதம் சிறை என்றது கோர்ட். அன்று மாலை மாரியம்மாவின் மூத்த மகள் கெர்ட்ரூட்டின் வாசலில் வந்து நின்றாள். “எங்க அப்பா காசுல ஐந்நூறு மட்டும் வாங்கித் தரச் சொல்லி அம்மா கேட்டாங்க.”

மாரியம்மா சிறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது வேலை இல்லை. ஆகஸ்ட் கடைசிக்குள் லயத்து வீட்டையும் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது.

இதற்குள் லூர்துசாமியைப் போலீஸ் பிடித்திருந்தது; அதே ஆகஸ்டில்தான் அவர் வழக்கின் தீர்ப்பு. கெர்ட்ரூட் முதல் பஸ் பிடித்து ஈப்போ போனாள். கடைசி பெஞ்சில் மாரியம்மாவும் உட்கார்ந்திருந்தாள்.

லூர்துசாமி குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருடைய வக்கீல் எழுந்து, இவர் சமூகத்தில் மதிப்புள்ளவர், ஆலயத்துக்கு உழைத்தவர், முதல் குற்றம், ரத்தக் கொதிப்பு வேறு, அவமானமே போதிய தண்டனை என்றெல்லாம் சொன்னார். தீர்ப்பு பதினொரு மணிக்கு வந்தது. இருபதாயிரம் வெள்ளி அபராதம், ஒரு நாள் சிறை.

ஒரு நாள் என்றால் அன்றைக்குக் கோர்ட் கலையும்வரை என்று பிறகுதான் புரிந்தது. லூர்துசாமி பெஞ்சில் உட்கார்ந்தார். மத்தியானம் அவர் மனைவி கோழிச்சோறு வாங்கி வந்தார். லூர்துசாமி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டார். அவர் காலடியில் அதே கறுப்புத் தோல்பை இருந்தது. வந்தவர் போனவர் யாரும் அதைத் திறக்கச் சொல்லவில்லை. கெர்ட்ரூட் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் தன் வீட்டு நடுவில் அது இருந்தபோது, தானும் அதற்குள் கையை விட்டுப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கோர்ட்டுக்கு எதிரே முத்து முகம்மதுவின் தேநீர்க்கடையில் பணத்தை இழந்தவர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள்.

“மரத்தில கட்டி வச்சு அடிக்கணும் அவன,” என்றார் லோரிக்கார அந்தோணிமுத்து.

“அடிச்சா ஒங்க காசு வருமா அண்ணே?” என்று முத்து முகம்மது தேநீரை ஆற்றினார். “இருபதாயிரம் அபராதம் கவர்மெண்டுக்குப் போவுது லா. ஒங்களுக்கு இந்த தே கூட வராது.”

“அப்ப சும்மா விடச் சொல்றீங்களா?”

“நான் எப்ப சொன்னேன்? பிப்ரவரியில இதே கோர்ட்ல ஒரு தோட்டத்துப் பொம்பளைக்கு ஆறு கிலோ ஒட்டுப்பாலுக்கு ரெண்டு மாசம். பாவம், போலீஸ் வண்டியில ஏறுறப்ப பாத்தேன். கிலோ கணக்குப் பாத்தா இந்தாளு பேரன் பேத்தி எடுத்தப்புறமும் வெளிய வரக் கூடாது. அவ வயித்துக்கு எடுத்தா, இவன் வசதிக்கு எடுத்தான். யாரு அவளப் புடிச்சுக் குடுத்ததோ!”

ஓரமாக உட்கார்ந்திருந்த கெர்ட்ரூட் பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் காலை கிராணி ராஜுவின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். “மாரியம்மாவ வேலையில சேத்துக்கங்க. வீட்டயும் விட்ருங்க.”

“நீதானம்மா புடிச்சுக் குடுத்த?”

“நான்தான். அவ காசு போச்சு, ஜெயிலுக்கும் போயிட்டு வந்துட்டா. இப்ப வீடும் போகணுமா? ஒரே ஆளுக்கு எத்தன தண்டன? நீங்க தொரைகிட்ட பேசலன்னா இன்னையோட நான் பை பாக்கல. ஒங்க தங்கச்சியப் பாக்கச் சொல்லுங்க. அவ பைய நான் தொறந்ததே இல்ல, அதையும் தொரைகிட்ட சொல்றேன்.”

ராஜு அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு தோட்ட நிர்வாகி துரையின் பங்களாவுக்கு நடந்தார்.

திங்கட்கிழமை மாரியம்மா மரம் சீவிப் பால் வெட்ட வந்தாள். லயத்து வீடும் தப்பியது. பால் நிறுத்தபின் வரிசையில் அவள் முறை வந்தது. பின்னால் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மாரியம்மா பையை நீட்டினாள்.

“வேணாம். மூடு,” என்றாள் கெர்ட்ரூட். எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள். “நீ எடுத்தது தப்புதான். அதுக்குப் பட்டுட்ட. ஆனா ஒன் பைய ரெண்டு வாட்டி பாத்த நான், அந்தாளு பைய ஒரு வாட்டி கூட பாக்கல. கோர்ட்டும் என்னய மாதிரியேதான் பண்ணுச்சு. இல்லாதவ பைக்குள்ள போற கை இருக்கப்பட்டவன் பைக்குள்ளயும் போகணும். அதுவரைக்கும் யாருக்குக் குடுக்கிற தண்டனையும் நியாயம் ஆகாது. காசு கேட்டா குடுப்பீங்களான்னு நீ அன்னிக்கே கேட்ட. ஒன் வாய அடைச்சது நான். மன்னிச்சுக்க மாரியம்மா.”

மாரியம்மா பையை மூடவில்லை. குனிந்து, சோற்றுத் தூக்கைத் தரையில் எடுத்து வைத்தாள். போத்தலை வைத்தாள். சட்டையை விரித்துக் காட்டினாள். காலிப் பையைத் தலைகீழாகப் பிடித்து ஒருமுறை உதறினாள். இன்னொரு முறையும் உதறினாள். காய்ந்த ரப்பர் இலை ஒன்று கெர்ட்ரூட்டின் காலடியில் விழுந்தது.

எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லயத்தை நோக்கி நடந்துபோனாள்.