போக ஆறு மணி நேரம், வர இரண்டு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ரொட்டி வாங்கப் போன இடத்தில் காதில் விழுந்தது. கேட்டதில் பாதியை மறந்துவிட்டேன். அந்தப் பாதியை நானே போட்டு நிரப்பியிருக்கிறேன்; அதைத்தான் நீங்கள் அதிகம் நம்பப் போகிறீர்கள்.

முதல் வரியை இப்படி வைத்துப் பார்த்தேன்: ‘ஆசியாவின் இரண்டு பெருநகரங்களுக்கு நடுவே மூவாயிரம் கிலோமீட்டர் வானம் விரிந்து’

வேண்டாம். வானம் விரிந்தால் எனக்குக் கொட்டாவி வரும்.

2

அவள் ரொட்டிக்கடையில் அடுப்புப் பொறுப்பு. கொஞ்சம் அசந்தால் பன் கரியாகும் தொழில். எல்லாவற்றுக்கும் நேரம் பார்ப்பாள். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். மாதம் ஒருமுறை விமானமேறி இன்னொரு நகரத்துக்கு வேலைக்குப் போவான். துவைக்க எடுத்த சட்டைப் பையில் டிக்கெட் கிடைத்தது.

“எட்டு மணிக்குக் கிளம்பி ரெண்டு மணிக்கு அங்க இறங்குறீங்க. திரும்பி வர்றப்போ எட்டுக்குக் கிளம்பி பத்துக்கெல்லாம் இங்க. தூரம் ஒண்ணுதானே? போறப்போ மட்டும் அந்த நாலு மணி நேரம் எங்க இருந்தீங்க?”

அவன் திருதிருவென்று விழித்தான். ஏறியதும் தூங்கி, இறங்கும்போது விழிக்கிறவன்.

“அது... நடுவுல ஒரு ஊர்ல நிறுத்தி எண்ணெய் ஊத்துவாங்க.”

“நாலு மணி நேரமாவா? கரண்டியிலயா ஊத்துறாங்க?”

“வரிசை இருக்கும்ல! நாங்க கூடத்துல உட்கார்ந்திருப்போம். நீல நாற்காலி. ஜன்னலோரமா ஒரு பூனை.”

[பூனையை நான் சேர்க்கவில்லை.]

3

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் வந்து முடிச்சை அவிழ்த்தாள்.

“அண்ணி, அந்த ஊர்க் கடிகாரம் நம்மளவிட ரெண்டு மணி நேரம் முன்னாடி ஓடுது. டிக்கெட்ல அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவாங்க. போக நாலு, வர நாலு. அண்ணன் எங்கயும் இறங்கல.”

தங்கச்சி வக்காலத்து என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். கூட்டிக் கழித்துப் பார்த்தாள். சரியாக வந்தது. அதற்குப் பிறகுதான் நேரே கணவனிடம் போனாள்.

“எங்கயும் நிக்கலன்னா அந்த எண்ணெய்க் கதை எதுக்கு?”

“நீ கேட்ட. எனக்கே புரியல. தெரியலன்னு சொன்னா விட்டிருப்பியா?”

“சரி, பொய்யாவே இருக்கட்டும். அந்தப் பூனை யார் வீட்டுது?”



4

முடிவு அ: பல் டாக்டர் வரவேற்பறையில் பார்த்த பூனை அது. (சப்பென்று இருக்கிறது. எந்தப் பல் டாக்டர் என்று கேட்பாள்.)

முடிவு ஆ: அந்த நகரத்தில், நீல நாற்காலி போட்ட ஒரு வீட்டின் கதவை

நிறுத்திவிட்டேன். ஒரு குடித்தனத்தைக் கலைத்த பாவம் எனக்கெதற்கு?

பொய் எழுதியே பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவசரப் பொய்யில் பூனை வராது. ஆனால் என் கதைகளில் பூனைகள் நிறைய வந்திருக்கின்றன. ஒன்றைக்கூட நான் வளர்த்ததில்லை.

5

இன்று மறுபடி பயணம். கீழே டாக்சி நிற்கிறது. பெட்டியோடு வாசலில் நின்று, “வர்றேன்” என்கிறான். “போயிட்டு வாங்க” என்று அவள் சொல்லாமல் ஒருநாளும் அவன் படியிறங்கியதில்லை. இன்று அவள் வாயைத் திறக்கவில்லை. அவனும் நகரவில்லை.

நான் அவள் வாயில் எந்தச் சொல்லையும் வைக்க மாட்டேன். அவள் இடத்தில் நின்று நீங்களே சொல்லுங்கள். அல்லது கதவைச் சாத்துங்கள். எதுவானாலும் சீக்கிரம். டாக்சிக்காரர் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார்.