ஈர்க்கு அளவு

சுனாமி வந்த மறு மாசியில் அளவெடுக்க வந்தார் சிவஞானம், நிவாரணச் சங்கம் ஒன்றின் அலுவலர். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் இருபத்திரண்டு பெண்களுக்கு ரப்பர் பூட்ஸ் தருவதாகச் சொன்னார்.

மற்ற எவரையும்விடச் சின்னப்பாப்பாவுக்கு அது வேண்டியிருந்தது. குதிகால் வெடிப்பு புண்ணாகி இரண்டு மாதம். உப்புத் தண்ணீர் பட்டால் ஆறாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீரில் இறங்காவிட்டால் கூலி இல்லை.

காலைச் சுற்றிக் கோடு போட, சிவஞானம் தரையில் ஒரு தாளைப் போட்டு ஏறி நிற்கச் சொன்னார். தாளில் அச்செழுத்து இருந்தது. சின்னப்பாப்பா குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விலகினாள். மற்றவர்களும் எழுத்தின் மேல் கால் வைக்கவில்லை. அவள் மருமகள் மலர்கொடிதான் வழி சொன்னாள். சந்தைக்குப் போகிறவரிடம் செருப்பு வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தனுப்புவதுபோல, தென்னை ஈர்க்கை ஒவ்வொரு காலின் நீளத்துக்கும் கிள்ளி, பெயர் சொல்லிக் கொடுத்தாள். வேலை தொடங்காத காலை நேரம். அவருக்கும் சுலபமாகப் போயிற்று.

சித்திரையில் ஒரு மதியம் பூட்ஸ் வந்தது. நீளம் சரி. பாத்தி மிதித்து மிதித்து விசிறியாக விரிந்த விரல்கள் உள்ளே போகவில்லை. காலையிலிருந்து உப்புத் தண்ணீரில் ஊறி வீங்கிய கால்கள். சின்னப்பாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நுழைத்தாள். நாலு எட்டு வைத்ததும் புண் திறந்துகொண்டது.

புதுசு கடிக்கத்தான் செய்யும் என்றார் சிவஞானம். போட்டோவுக்கு வரிசையாக நிற்கச் சொன்னார். சரியான அளவில் பெற்றுக்கொண்டோம் என்று அச்சடித்த தாளை மலர்கொடியிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

"அளவு நீங்க குடுத்ததுதானேம்மா?"

"நாங்க தெரியாம குடுத்தோம். நீங்க படிச்சவரு. உங்களுக்கு ஷூ வாங்கறப்ப காலோட கடைக்குப் போவீங்களா, ஈர்க்கைக் குடுத்தனுப்புவீங்களா? ஒரு ஜோடி கொண்டாந்து போட்டுப் பாருங்கன்னு சொன்னீங்களா சார்?"

"இலவசமா குடுக்கிறதுல இதெல்லாம்..."

சின்னப்பாப்பா நிமிர்ந்தாள். பூட்ஸைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். அவர் கையிலிருந்த தாளை வாங்கி வரப்பில் விரித்தாள். இந்த முறை கண்ணில் ஒற்றவில்லை. ஏறி நின்றாள். எழுத்துகளின் மேல் ஈரம் பரவியது, குதிகாலடியில் சிவப்பாக.

"கையெழுத்து போடற தாள்மா அது."

"அளவு எடுங்க" என்றாள். "அகலத்தையும் எடுங்க."

சிவஞானம் குனியவில்லை. அவள் இறங்கவில்லை.